தலை சர்க்காருக்கு

இதுதான் கோடைக்காலம் என்று அத்தை மகன் சத்தியம் செய்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர் காரியாபட்டியில் ஆகஸ்ட் மாதம் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மின்கம்பத்தின் நிழலைக்கூட விடமாட்டார்கள். இங்கே அதே ஆகஸ்டில், விடியாத நேரத்தில், படகுத்துறையில் நின்று வாயைத் திறந்தால் புகை வருகிறது. பனியன், சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரில் விழுந்தால் மிதக்க வைக்கும் ஆரஞ்சு உடுப்பு. கையை மடக்க முடியவில்லை. "மச்சான், சிவகாசியில இருந்து லாரில ஏத்துன பார்சல் மாதிரி இருக்கீங்க" என்றான் அவன்.

ஊரின் பெயர் காம்ப்பெல் ரிவர். கனடாவின் மேற்கு ஓரத்தில், வான்கூவர் தீவில் இருக்கிறது. பெயர்தான் ஒன்றே தவிர வான்கூவர் நகரம் வேறு, வான்கூவர் தீவு வேறு. நகரத்திலிருந்து காரோடு கப்பலில் ஏறி, ஒன்றே முக்கால் மணி நேரம் கடலைக் கடந்து நனைமோவில் இறங்கி, வடக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டும். வழியெல்லாம் மரம். கருவேலங்காட்டையும் பருத்திக்காட்டையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிற உயரத்தில் தேவதாரு மாதிரியான ஊசியிலை மரங்கள் வரிசை கட்டி நிற்பது கொஞ்சம் பயமாகவே இருந்தது. பூமிப் படத்தில் ஐம்பதாவது அட்சக்கோடு இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. எங்கள் காரியாபட்டி பத்துக்கும் கீழே கிடக்கிறது. குளிரில் நான் நடுங்கியதற்குக் காரணம் என் உடம்பு இல்லை, பூகோளம்.

காற்றில் மூன்று வாசனை. கடல்பாசி, ஈர மரம், எங்கேயோ புகையில் வாட்டிக்கொண்டிருக்கும் மீன். மூன்றாவது வாசனை வந்த பக்கம் என் மூக்கு தானாகத் திரும்பியது.

இந்த ஊருக்குப் பக்கத்துக் கடலிடுக்கில் ரிப்பிள் ராக் என்று ஒரு பாறை தண்ணீருக்குள் ஒளிந்திருந்ததாம். நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் சாய்த்த பாறை. கடலுக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி, உள்ளிருந்து பாறைக்குள் ஏறி, 1,270 டன் வெடிமருந்தை அடைத்து, 1958 ஏப்ரல் 5-ஆம் தேதி காலையில் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அணுகுண்டு சேர்க்காத மனித வெடிகளில் அதுவரை கண்ட மிகப் பெரியவற்றில் ஒன்று. தொலைக்காட்சியில் நாடே நேரலையாகப் பார்த்ததாம். பட்டாசு பூமிக்காரன் ஒருவனிடம் இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்! ஆயிரம் வாலா கணக்கில் எத்தனை வரும் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஆனால் நான் வாய் பிளந்தது வெடிக்கு இல்லை. மீனுக்கும் இல்லை. சும்மா பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவனும் அரசாங்கமும் இங்கே ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்களே, அதற்குத்தான்.

முதல் நாள் இரவே அத்தை மகன் எனக்கும் லைசென்ஸ் எடுத்துவிட்டான். மீன் பிடிக்க லைசென்ஸ்! கடலுக்குத் தனி, ஆற்றுக்குத் தனி. கடலுக்கானது வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று துண்டு துண்டாகவும் கிடைக்கும். சால்மன் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதன்மேல் ஒரு ஸ்டாம்பு வேறு வாங்க வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக உட்கார்ந்திருக்கும் பையனிடம் போய் "தம்பி, ஸ்டாம்பு எங்க?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். குச்சியைப் போட்டுவிட்டு ஓடுவான். இல்லை, நம்மை ஓட வைப்பான்.

படகுக்காரர் எழுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தாடி, ரப்பர் பூட்ஸ். கையில் காப்பி, இன்னொரு கையில் போன். "ராத்திரி வந்த அறிவிப்பைப் பார்த்தீர்களா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். மீன்வளத் துறை மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்தப் பகுதியில் எந்த மீனை இன்றுமுதல் பிடிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும், எத்தனை சென்டிமீட்டர், தலைக்கு எத்தனை என்றெல்லாம் அதில் இருக்கும். கடலையே எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இது பதின்மூன்றாம் பகுதி. அதற்குள்ளும் பிரிவுகள். கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெறும் தண்ணீரைக் காட்டினார்.

படகு கிளம்பியது. கன்னத்தில் குளிர் அறைந்தது. அந்தக் கடலிடுக்கில் தண்ணீர் கடலைப் போல அலையடிக்கவில்லை, ஆற்றைப் போல ஓடியது. ஓத நேரத்துக்குத் தகுந்தபடி ஒரு பக்கம் ஓடி, நின்று, மறுபடி எதிர்ப்பக்கம் ஓடுமாம். எதிரே குவாட்ரா தீவு, அதற்குப் பின்னால் உச்சியில் பனி ஒட்டிய மலைகள். ஈயக் குண்டு கட்டிய கம்பியில் தூண்டில் நூலை மாட்டி ஆழத்துக்கு இறக்கினார். தூண்டில் முள்ளை எடுத்துக் காட்டினார். நம் முள்ளில் உட்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி இருக்குமே, மீன் நழுவாமல் இருக்க? அது இல்லை. சால்மனுக்கு அப்படிப்பட்ட முள் போடக் கூடாதென்பது சட்டம். விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் கழற்றிவிடத்தான் இந்த ஏற்பாடு. மீன் நழுவுவதற்கு வசதியாகத் தூண்டில் செய்யும் ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கோல் வளைந்தது. "சுத்துங்க மச்சான், சுத்துங்க!" என்று அத்தை மகன் கத்தினான். அரை நிமிடம் இழுத்து, அரை நிமிடம் விட்டு, கடைசியில் படகோரத்தில் வெள்ளித் தகடாக ஒன்று புரண்டது. கோஹோ சால்மன், மூன்று நான்கு கிலோ இருக்கும். வயிற்றில் எனக்குக் குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பெரியவர் குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். சால்மனுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே நகத்தளவுக்குச் சதையாக ஒரு துடுப்பு உண்டு. இந்த மீனுக்கு அது இருந்தது. ஒரு தட்டு, முள் கழன்றது, மீன் போயே போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பொரிப்பகத்தில் பிறந்து ஆற்றில் விடப்படும் குஞ்சுகளில் பலவற்றுக்கு அந்தச் சின்னத் துடுப்பை நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். துடுப்பு இருந்தால் பெரும்பாலும் ஆற்றிலேயே பிறந்த மீன், விட்டுவிட வேண்டும். துடுப்பு இல்லையென்றால் நம் சட்டிக்கு. அந்த நாளில், அந்த இடத்தில், கோஹோவுக்கு அதுதான் கட்டளை. அடுத்த வாரம் மாறலாம். அதற்குத்தான் அந்த மின்னஞ்சல்.

அடுத்து ஏறியதற்குத் துடுப்பு இல்லை! நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள்.

கரைக்கு வந்தோம். மீன் கழுவ மேடையும் குழாயும் தனியாக வைத்திருக்கிறார்கள். கடற்காகங்கள் முறைதவறாமல் வந்து காத்திருக்கின்றன. அங்கேதான் அது நடந்தது. பெரியவர் மீனின் தலையைத் துண்டாக வெட்டினார். ஒரு சீட்டை எடுத்துத் தேதி, பிடித்த இடம், என் பெயர் எல்லாம் எழுதினார். சீட்டைத் தலையோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கட்டி, துறையோரத்தில் இருந்த குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே போட்டு மூடிவிட்டார்.

"என்ன மாப்ள செய்யுறாரு?"

"தலை சர்க்காருக்கு மச்சான்."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. துடுப்பு நறுக்கிய மீன்களில் பலவற்றுக்குக் குஞ்சிலேயே மூக்குக் குருத்தெலும்புக்குள் ஒரு கம்பித் துணுக்கைச் செருகி விடுகிறார்கள். நீளம் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கடுகில் பாதி. அதில் குறியெண் பொறித்திருக்கும். நுண்ணோக்கியில் வைத்துப் படித்தால் எந்தப் பொரிப்பகம், எந்த வருடத்துக் கூட்டம், எங்கே விட்டது என்று தெரிந்துவிடும். வட பசிபிக் கடற்கரையில் கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு இப்படிச் செருகியிருக்கிறார்கள். செருகுவது அரசாங்கத்தின் வேலை. ஆனால் கடலில் போன மீனைத் திரும்பக் கொண்டுவருவது யார்? தூண்டில்காரன்தான். அவன் தலையைக் கொண்டுவந்து போடவில்லையென்றால் அந்தக் கம்பியெல்லாம் கடலோடு போச்சு. படகுத்துறைகளிலும் தூண்டில் சாமான் கடைகளிலும் இப்படிக் குளிர்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். தலை போட்டவருக்கு மீனின் பூர்வீகத்தைப் பற்றிப் பதிலும் வரும்.

மீன் தலையின் அருமை தெரியாத ஜனங்கள் என்று முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் தலைக்கு அடிதடியே நடக்கும். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் மனைவியும் சூப்புக்குக் கேட்பாள். போட்டுவிடுவேன். இந்த மீன்வளத் துறையோடு நான் போடாத சண்டை இல்லை. ஆனால் எண் இல்லாமல் சண்டை போட முடியாதே."

மத்தியானம் க்வின்சம் பொரிப்பகத்துக்குப் போனோம். காம்ப்பெல் ஆற்றில் சேரும் துணையாற்றின் கரையில் 1974-இல் கட்டியது. ஆற்று நீரின் குளிர் காலணியைத் தாண்டி எலும்புக்கு ஏறியது. தண்ணீர் கண்ணாடி. உள்ளே பிங்க் சால்மன்கள் முதுகு கூனி, எதிரோட்டத்தில் முட்டி முட்டி ஏறிக்கொண்டிருந்தன. பிறந்த இடம் தேடிக் கடலிலிருந்து வந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும் மீன்கள். இரண்டே வருட ஆயுசு. சினூக் சால்மன் இன்னும் நாள் கழித்து, இலையுதிர் காலத்தில் வரும். கரையோரம் ஒதுங்கிய செத்த மீன்களின் நாற்றம் கூடவே வந்தது. அதையும் காட்டுக்கு உரம் என்று விட்டுவைக்கிறார்கள். குண்டாற்றில் தண்ணீர் வருவதே செய்தியாகிற பக்கத்திலிருந்து வந்தவன், ஆறு முழுக்க மீனாக ஓடுவதைப் பார்த்தால் என்ன செய்வான்? கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

திரும்பும் வழியில் ஆற்றோரம் ஒரு பழைய மரவீட்டைக் காட்டினார்கள். ரோடரிக் ஹெய்க்-பிரவுன் வாழ்ந்த வீடு. 1908-இல் இங்கிலாந்தில் பிறந்து, இங்கே வந்து தங்கி, ஊருக்கு நீதிபதியாக இருந்து, மீன்பிடிப்பதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதி, 1976-இல் இறந்தவர். தூண்டிலைப் பிடித்த அதே கையால் அரசாங்கத்துக்கு எதிராகவும் எழுதினார். மேலே பட்டில் ஏரியில் அணை கட்டித் தண்ணீரை உயர்த்தும் திட்டம் வந்தபோது மல்லுக்கு நின்றார். அந்தச் சண்டையில் தோற்றார். பிற்பாடு கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய சால்மன் ஆணையத்தில் அவரையே உறுப்பினராகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். திட்டியவனைக் கூப்பிட்டு நாற்காலி போடுவது! நம் பக்கத்தில் திட்டியவன் மேல் கேஸ் போடுவதோடு சரி.

சாயங்காலம் ஊரின் மீன்பிடிப் பாலத்துக்கு வந்தோம். கடலுக்குள் நீண்டு போகும் அகலமான மரப்பாலம். தூண்டில் கோலைச் செருகி வைக்க ஓட்டைகள், மடக்கு நாற்காலியில் பாட்டிமார்கள், நடுவில் ஐஸ்கிரீம் கடை. அந்தக் குளிரில் ஐஸ்கிரீமுக்கு வரிசை! ஒருவருக்கு மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தங்கள் நூலைச் சுருட்டி வழிவிடுகிறார்கள். கயிறு கட்டிய வலைக்கூடையை யாரோ ஒருவர் கீழே இறக்குகிறார். யாரும் யாரையும் கேட்பதில்லை.

பெரியவரின் சண்டைக் கதையை அங்கேதான் முழுசாகக் கேட்டேன். 2019-இல் ஃப்ரேசர் ஆற்று சினூக் கூட்டங்கள் சரிந்துவிட்டன என்று சொல்லி, இந்தக் கடற்பகுதியில் ஜூலை நடுப்பகுதி வரை ஒரு சினூக்கைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று துறை உத்தரவு போட்டது. படகுக்காரர், தங்கும்விடுதிக்காரர், சாமான் கடைக்காரர் எல்லார் வயிற்றிலும் அடி. அதே வருடம் ஃப்ரேசர் ஆற்றின் மேல்பகுதியில் மலை சரிந்து மீன் போகும் வழி அடைபட்டிருப்பதும் தெரியவந்தது. துறைக்கும் பயம். அதற்கு மேல் ஒன்று உண்டு. பூர்வகுடிகளின் மீன்பிடி உரிமையை 1990-இல் ஸ்பாரோ என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முதலில் மீன் அழியாமல் காப்பது, அடுத்து பூர்வகுடிகளின் உணவுக்கும் சடங்குக்கும், அதன் பிறகே மற்றவர் என்பது ஏற்பாடு. பொழுதுபோக்குத் தூண்டில்காரன் வரிசையில் பின்னால்தான்.

தூண்டில்காரர்கள் என்ன கேட்டார்கள்? "துடுப்பு நறுக்கிய சினூக்கை மட்டுமாவது வைத்துக்கொள்ள விடுங்கள்." துறை கேட்டது: "விடுகிற மீனில் எத்தனை செத்துப்போகும்? அந்த மீன்களில் ஃப்ரேசர் மீன் எத்தனை?" இதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. விளையாட்டு மீன்பிடிப்பு ஆலோசனை வாரியம் என்று பெயர், 1964-லிருந்து நடக்கிறது. ஊர் ஊராகக் குழு. எல்லாரும் சம்பளமில்லாத ஆட்கள். ஊர்க்குழு பேசி எழுதியது மேல் குழுவுக்குப் போகும், அங்கிருந்து வாரியத்துக்கு, அங்கிருந்து துறைக்கு. அதிகாரிகளும் வந்து உட்கார்ந்து திட்டு வாங்குவார்களாம். முடிவெடுக்கும் அதிகாரம் என்னவோ துறையிடமும் அமைச்சரிடமும்தான். "பத்து கேட்டால் ஒன்று கிடைக்கும். ஆனால் ஏன் ஒன்பது கிடைக்கவில்லை என்று எழுத்தில் பதில் வாங்குவோம்" என்றார். தேர்ந்த தூண்டில்காரர்கள் சிலர் மீனை விடுவதற்கு முன் ஒரு துணுக்குத் துடுப்பை நறுக்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பிவைக்கிறார்கள். துறை கேட்ட கேள்விக்குப் பதிலைத் துறைக்கே சேகரித்துக் கொடுக்கிறார்கள்!

எனக்குக் காவிரி நினைவு வந்தது. நம் பக்கத்தில் இப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பெங்களூரை மையமாகக் கொண்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் 1972-இல் தொடங்கியது. காவிரியில் மஹ்சீர் மீனைப் பிடித்து அப்படியே விட்டுவிடும் முகாம்கள் நடந்தன. கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் பதிவேடு எழுதிவந்தார்கள். 1998-லிருந்து 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மீன்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த ஏட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மீன்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் கூடியதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. 1946-இல் கபினியில் 120 பவுண்டில் ஒன்றைப் பிடித்தார்களே, அந்தப் பேர்பெற்ற மீனுக்கு அறிவியல் பெயர் இன்னதென்று உறுதியானதே 2018-இல்தான். அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதற்குள் அந்த முகாம் இருந்த சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதே தடையாகி நின்றுபோயிருந்தது. ஏடு எழுதும் ஆளும் இல்லை. தடை சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் பேசலாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவனை எழுப்பி அனுப்பினால், அடுத்து எண்ணப்போவது யார் என்பதையும் அதே நாளில் பேசியிருக்க வேண்டும். அதுதான் என் வருத்தம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்தாள். துறையின் கணக்கெடுப்புக்காரி, கையில் அட்டை. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டீர்கள், எத்தனை பிடித்தீர்கள், எத்தனை விட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பாலத்தில் வந்த பிறகு எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. "ஒன்றுமில்லை, என்னை விட்டுவிடுங்கள்" என்றேன். விடவில்லை. நேரத்தைக் கேட்டு எழுதி, பக்கத்தில் பூஜ்யத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டாள். பிடித்தவனை மட்டும் கேட்டால் கடலில் மீன் கொழிப்பதாகத்தான் கணக்கு வருமாம். வெறுங்கையோடு போகிறவனும் சொன்னால்தான் உண்மை தெரியும். என் வாழ்நாளில் நான் ஒன்றும் செய்யாததை அரசாங்கம் இவ்வளவு மரியாதையாகக் குறித்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

"உங்கள் ஊரில் எப்படி?" என்று பெரியவர் கேட்டார். கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடுவதைச் சொன்னேன். பிறகு, அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும் சமயத்தில் மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைச் சொன்னேன். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தா, கச்சா, வலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு விடியலில் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி. பிடித்ததை விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. அன்றைக்கு ஊரே மீன் குழம்பு மணக்கும். பெரியவர் வாயைத் திறந்தபடி கேட்டார். முதல் தடவையாக வாய் பிளப்பது என் முறை இல்லை!

"ஆளுக்கு எத்தனை மீன் வரை?"

"ஊத்தாவுக்குள் விழுகிற வரை."

"யார் எண்ணுவது?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் வீட்டம்மா வீடியோவில் வந்துவிட்டாள். அங்கே மறுநாள் காலை. பின்னால் குக்கர் விசில். பிடித்த மீனைக் காட்டச் சொன்னாள். அத்தை மகன் பையிலிருந்து எடுத்துப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

"தலை எங்க?"

"சர்க்காருக்குக் கொடுத்துட்டோம்."

"எதுக்கு?"

"அதுக்குள்ள கம்பி இருக்கான்னு பார்ப்பாங்க. இருந்தா எந்த ஊர்ல பிறந்துச்சுன்னு பதில் போடுவாங்க."

"இல்லன்னா?"

பெரியவரிடம் கேட்டுச் சொன்னேன். எல்லாத் தலையிலும் இருக்காது, இல்லையென்றாலும் இல்லை என்று ஒரு கணக்கு.

கொஞ்ச நேரம் குக்கர் மட்டும் பேசியது. "அம்புட்டுத் தூரம் டிக்கெட் போட்டுப் போயி, முண்டத்தத் தூக்கிக் காட்டுறீக. மாப்ளகிட்ட போனக் குடுங்க" என்றாள்.